கரிநெருப்பு

கோழி கூவுவதற்கு முன் எழுந்து படிக்கவேண்டும் என்று சிறு வயதில் நமக்கு உபதேசம் செய்யாத பெரியவர்களே கிடையாது. அந்த உபதேசத்தை நாமும் வெகு காலம் ஒழுங்காகவே கடைப்பிடித்து வந்தோம். ஆனால் நம் வாழ்க்கையில் ஏறக்குறைய ஒரு வருஷ காலம், கோழி கூவும் சப்தத்துக்கே அஞ்சி, மூன்று மணி முதல் காதைப் போர்வையால் மூடிக்கொண்டு படுத்திருந்தோம் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். அடுத்த வீட்டில் அப்போது ஒரு சேவல் இருந்தது. மகா யோக்கியமான சேவல். ஒரு நாளாவது தன் கடமையில் தவறியது கிடையாது. நாம் தவறியிருந்தோம். அதுதான் தொந்தரவு.

நாம் திருநெல்வேலிச் சீமையில் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். சர்வகலாசாலையில் சரித்திரம் படித்துப் பட்டம் பெற்றதன் பலனாக, பானிப்பட்டு யுத்தங்கள் மூன்றும் 1526, 1556, 1761-ஆம் வருஷங்களில் நடந்தன என்பதை இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பதும், ஓய்வு நாள் பள்ளியில் குழந்தைகளுக்குக் கதை சொல்லுவதும் நம்முடைய உபரி உத்தியோகங்கள். ஊரில் நல்ல மனிதர் என்று பெயர். நல்ல பெயர் இருக்கிறதே, அதைப்போல அபாயமான சொத்து வேறொன்றும் இல்லை. அதைக் காப்பாற்றுவதற்காக மனிதன் எதை வேண்டுமானாலும் விற்றுவிடுகிறான்.

சுமார் எட்டு வருஷத்துக்கு முன்பு நடந்த விஷயம் இது. நம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதிப்பதற்கு ஓர் இளைஞர் தற்காலிகமாக நியமிக்கப்பட்டிருந்தார். பனங்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். இந்து. நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நாம் கண்டதில்லை. கரும்பலகையில் அவர் வட்டம் வரைந்தால் கவராயம் வைத்து வரைந்ததுபோல் இருக்கும். நம்மிடம் அளவற்ற மரியாதை அவருக்கு. "சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை.

ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் திருத்தியாயிற்று. தகப்பனில்லாத பையன் ஒருவன் கணக்கில் முப்பத்திரண்டு வாங்கியிருந்தான். தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். அவன் தாயார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று அழுததை நாம் பார்த்தோம். கணக்கு உபாத்தியாயர் நம்மிடம் ஆலோசனை கேட்டார். "மூன்று மார்க்குத்தானே, போட்டுவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றோம். இரக்கமும் அதிகாரமும் கலந்து வந்த அந்த வார்த்தை நமக்கே அப்போது மிகவும் பிடித்திருந்தது. அவர் தாளில் திருத்தி, மூன்று மார்க்கைப் போட்டுவிட்டார். விதிக்கு விரோதம்தான். ஆனால் நாம் இங்கே சொல்லவந்த குற்றம் அதுவல்ல.

வேறொரு பையனின் தகப்பனார் இதை எப்படியோ அறிந்து புகார் எழுதினார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தவுடன் விசாரணை வந்தது. முதல் நாள் தாழ்வாரத்தில் ஆபீஸ் குமாஸ்தா, வெற்றிலையை மென்றுகொண்டே, "இதில் சாருக்கும் ஏதோ சம்பந்தம் உண்டாமே?" என்று சாதாரணமாய்க் கேட்டார். "எனக்கென்ன சம்பந்தம்?" என்றோம். இரண்டாவதாகத் தலைமை ஆசிரியர் தம் அறைக்கு அழைத்துக் கேட்டார். "அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை" என்றோம். மூன்றாவது தடவை நிர்வாகத்தாருக்கு எழுத்துமூலம் பதில் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு முழுத் தாளில், நல்ல கையெழுத்தில், அந்த விஷயமாகத் தமக்கு ஒன்றுமே தெரியாது என்று எழுதிக் கையொப்பமிட்டவர் இதை இப்பொழுது எழுதும் நாமேதான். பத்திரிகை வழக்கத்தை அனுசரித்து 'நாம்' என்று எழுதினாலும், இந்தக் குற்றத்தில் நேயர்களுக்குப் பங்கு கொடுக்கும் உத்தேசம் நமக்கு இல்லை. அது முழுவதும் நம்முடையது.

உதவித் தலைமையாசிரியர் பதவி அந்த வருஷம் காலியாக இருந்தது என்பதையும், அதற்கு நம் பெயர் அடிபட்டுக் கொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

கணக்கு உபாத்தியாயரை அழைத்து, யார் சொல்லி இதைச் செய்தீர் என்று கேட்டார்கள். நாம் அந்த அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் நம் பக்கம் ஒருமுறை திரும்பினார். கோபமில்லை, கெஞ்சலுமில்லை. இவர் இப்பொழுது எழுந்து சொல்லப்போகிறார் என்று எதிர்பார்க்கும் பார்வை அது. நாம் மேஜைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்தோம். பிறகு அவர், "நானாகத்தான் செய்தேன்" என்றார். தற்காலிக நியமனமாகையால் நிறுத்துவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அந்த வாரமே தம்முடைய டிபன் பெட்டியையும் கவராயப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையனும் வீழ்ந்தவன் வீழ்ந்தவன்தான். அவன் படிப்பை நிறுத்திவிட்டான்.

இதன் பிறகு நமக்கு என்ன நேர்ந்தது? ஒன்றுமே நேரவில்லை. அதுதான் பயங்கரம். உதவித் தலைமையாசிரியரானோம். ஆலயத்தில் நம் குரல் முன்போலவே கணீரென்று இருந்தது. ஞாயிறுதோறும் சபையாரெல்லாம் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது நாமும் சொன்னோம். சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையில் ஒரு வசதி உண்டு: எல்லாரும் பாவிகள் என்று ஒரே குரலாகச் சொல்லும்போது, தனியாக நாம் என்ன செய்தோம் என்பது அந்தக் குரலுக்குள் மறைந்துபோகிறது.

நம் முன்னோர் தமிழில் ஓதிவந்த ஜெப புஸ்தகத்தின் மூலத்தை இங்கிலாந்தில் 1549-ல் தொகுத்தவர் கிரான்மர் என்னும் அத்தியட்சர். ராணி மேரியின் காலத்தில் அவரைச் சிறையில் வைத்து வதைத்தபோது, பிராண பயத்தால் தம் கொள்கையை மறுத்துப் பல பத்திரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைசியில் மனம் திரும்பி, 1556-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் ஆக்ஸ்போர்டில் அவரைக் கொளுத்தியபோது, கையெழுத்திட்ட வலக்கரத்தை முதலில் நெருப்புக்குள் நீட்டினார். இரண்டாவது பானிப்பட்டு யுத்தம் நடந்த அதே வருஷம். வகுப்பில் அந்த வருஷத்தைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் நமக்கு ஹேமுவும் அக்பரும் மறந்து, அந்தக் கைதான் ஞாபகம் வரும். நம்முடைய வலக்கரமோ, கையொப்பமிட்ட அன்று மாலையில் வழக்கம்போல் காபி டம்ளரைப் பிடித்தது. சூடுகூட உறைக்கவில்லை.

இப்படிப் பத்து மாதம் போயிற்று. லெந்து நாட்கள் வந்தன. ஓய்வு நாள் பள்ளியில், சீஷனாகிய பேதுரு தம் ஆண்டவரை மறுதலித்த கதையைச் சொல்ல வேண்டிய முறை நம்முடையது. நேயர்களில் கிறிஸ்தவரல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். இயேசுவைக் கைது செய்து பிரதான ஆசாரியன் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். சாகும்வரை உம்மைக் கைவிடேன் என்று அன்று மாலைதான் சபதம் செய்த பேதுரு, தூரத்திலே பின்தொடர்ந்து வந்து, முற்றத்தில் குளிர்காய்கிறவர்களோடு நிற்கிறார். நீயும் அவரோடு இருந்தவனல்லவா என்று கேட்கிறார்கள். மூன்று தடவையும் அவரை அறியேன் என்கிறார். சேவல் கூவுகிறது. வெளியே போய் மனங்கசந்து அழுகிறார்.

கதையில் ஒரு ருசிகரமான அம்சம் உண்டு. பேதுரு கலிலேயா நாட்டார். அவருடைய பேச்சின் தொனியே அவரைக் காட்டிக்கொடுத்து விடுகிறது. திருநெல்வேலிக்காரன் சென்னையில் வாய் திறந்தால் நடப்பது போலத்தான். இதைச் சொன்னதும் குழந்தைகள் சிரித்தார்கள். அவர்களில் எட்டு ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் சிரிக்காமல், "சார், அவரைக் கேட்டது ஒரு வேலைக்காரப் பெண்தானே? யாரும் அவரை அடிக்கவில்லையே. பிறகு ஏன் பயந்தார்?" என்று கேட்டது.

குமாஸ்தாவின் வெற்றிலை மெல்லும் வாய் நம் கண்முன் வந்தது. அவரும் நம்மை அடிக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு நாம் என்ன பதில் சொன்னோம் என்பது இன்றுவரை ஞாபகமில்லை. மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பைக் கலைத்துவிட்டோம் என்பது ஞாபகமிருக்கிறது.

அன்று இரவு நாலு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சரித்திரம் படித்தவனுக்கு உள்ள கெட்ட வழக்கம், சாட்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது. எத்தனையோ விஷயங்களில் நாலு பேரும் நாலுவிதமாய்ச் சொல்ல, பேதுருவின் மறுதலிப்பை மட்டும் நாலு பேருமே விடாமல் எழுதியிருக்கிறார்கள். இது எப்படி வெளியே வந்தது? முற்றத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆசாரியன் வீட்டு ஆட்கள். மாற்கு என்பவர் பேதுருவின் பிரசங்கங்களைக் கேட்டே தம் சுவிசேஷத்தை எழுதினார் என்பது இரண்டாம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் செய்தி. அது உண்மையானால், சபையின் தலைவராக விளங்கிய மனிதர், ஊர் ஊராகப் போய்த் தம்முடைய மானக்கேட்டைத் தாமே சொல்லியிருக்கிறார் என்று ஆகிறது. நாமாயிருந்தால் அந்தப் பாகத்தை விட்டுவிட்டு, தண்ணீர்மேல் நடந்த கதையை மட்டும் விஸ்தாரமாகச் சொல்லியிருப்போம். அதிலும் முழுகின பாகத்தைச் சொல்லியிருக்கமாட்டோம்.

அதே இரவில் யூதாஸின் கதையையும் வாசித்தோம். காட்டிக்கொடுத்தவன் என்று உலகம் முழுவதும் தூற்றும் அந்த மனிதனும் மனஸ்தாபப்பட்டான் என்பதை நாம் சாதாரணமாகக் கவனிப்பதில்லை. முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்து, குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாயால் ஒப்புக்கொள்ளவும் செய்தான். அழுகையை மட்டும் தராசில் நிறுத்தால் அவனுடையது பேதுருவினுடையதைவிட இளைத்ததாக இராது. ஆனால் அவன் யாரிடம் போனான்? அவனுக்குக் கூலி கொடுத்தவர்களிடம் போனான். எங்களுக்கென்ன என்று அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். பேதுருவோ, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாவது, தோழர்கள் இருந்த இடத்துக்குத் திரும்பிவிட்டார். நம் நிலைமை என்ன என்று யோசித்தோம். நாம் எவரிடமும் போகவில்லை. மனத்துக்குள்ளேயே ஒரு கோர்ட்டு வைத்து, நாமே குற்றவாளியும் நாமே வக்கீலுமாக வாதாடிக்கொண்டிருந்தோம். கேஸ் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை இரவு மனைவியிடம் சொன்னோம். பத்து மாதமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவளிடம் சொல்லவில்லை. அவள் அதிர்ச்சியடைவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஆண்டவரிடம் சொல்லியாயிற்றா?" என்று கேட்டாள்.

"தினமும் சொல்லுகிறேன்" என்றோம்.

"சரி. அவர் ஊருக்குப் பஸ் இருக்கிறதே, ஏன் போகவில்லை?"

நாம் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, "போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்" என்றாள். என்ன பழம் வாங்கிப்போகலாம் என்று நாம் யோசிக்கத் தொடங்கினோம். அவள் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "பழம் இல்லை. நீங்கள் எழுதிக்கொடுத்த தாள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறதே, அதற்கு ஒரு வழி செய்துவிட்டுப் போங்கள்" என்றாள். பட்டம் பெற்றவர்கள் நாம். இது நமக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு ஆராதனையில் மாற்குவின் சுவிசேஷம் வாசிக்கப்பட்டது. கல்லறையில் இருந்த வாலிபன், உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷர்களுக்கும் பேதுருவுக்கும் சொல்லும்படி பெண்களை அனுப்புகிறான். பேதுருவும் ஒரு சீஷர்தானே. அவர் பெயரைத் தனியாக எதற்காகச் சொல்ல வேண்டும்? மற்ற சுவிசேஷக்காரர்கள் அந்த இடத்தில் அவர் பெயரைச் சொல்லவில்லை. மாற்கு ஒருவர்தான் சொல்லுகிறார். சீஷர்கள் வரலாம் என்று மட்டும் செய்தி வந்திருந்தால், பேதுரு அந்தக் கணக்கில் தம்மைச் சேர்த்துக்கொண்டிருப்பாரா? மாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. கிருபை என்ற சொல்லை ஆயிரம் தடவை உச்சரித்திருக்கிறோம். அது ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்பதை அன்றுதான் கேட்டோம்.

திங்கட்கிழமை நிர்வாகத்தாருக்கு எழுதினோம். முன்பு எழுதிய தாளைவிட இது சிறியது, ஏழே வரிகள். மூன்று மார்க்கும் நாம் சொல்லிப் போட்டவை, முன்பு நாம் கொடுத்த வாக்குமூலம் பொய், அந்த உபாத்தியாயரின் பேரில் உள்ள குறிப்பை நீக்கவேண்டும். அவ்வளவுதான். அதன் பலனாக உதவித் தலைமையாசிரியர் பதவி போயிற்று. ஒரு வருஷத்துச் சம்பள உயர்வும் போயிற்று. வேலையே போயிருக்கலாம், போகவில்லை. சபையில் சிலர் கொஞ்ச நாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமும் மைக்கூட்டைப் பார்த்தவர்தானே.

அந்த வாரச் சனிக்கிழமை பஸ் ஏறினோம். பதநீர் இறங்கும் காலம். கிராமத்து எல்லையில் பனையோலைக் கொட்டகைகளில் புகை எழுந்துகொண்டிருந்தது. ஒரு கொட்டகையில் அவருடைய மைத்துனர் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். நம் சிநேகிதர் பக்கத்தில் உட்கார்ந்து அடுப்புக்குக் காய்ந்த மட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார்" என்றார். பத்து மாதமாய் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் பஸ்ஸிலேயே தங்கிவிட்டன. "நான்தான் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று மாத்திரம் சொன்னோம். பிறகு, "தாமதமாகிவிட்டது" என்றோம்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பாகு கொதித்துப் பொங்கி வந்தது. மைத்துனர் ஓர் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டார், பொங்கல் அடங்கிற்று. அதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். 'பரவாயில்லை' என்று அவர் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவரிடம் நன்றியாயிருக்கிறோம். பரவாயில்லாத காரியமல்ல அது. அவருடைய தாயார் அந்த வருஷம் நகையை அடகு வைத்ததைப் பின்னால் வேறொருவர் மூலம் அறிந்தோம்.

கடைசியில் அவர் கேட்டது, "அந்தப் பையன் எங்கே சார்?" என்பதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்றோம். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "நான் இங்கே ஏழு பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்கு சமாளித்துவிடுவேன். சரித்திரம்தான் எனக்கு வராது. சனிக்கிழமை சார் வரமுடியுமா?" என்றார். பிறகு பனையோலைப் பட்டையில் சூடான பாகைக் கொஞ்சம் ஊற்றி, ஆறட்டும் என்று ஊதி, நம் கையில் கொடுத்தார்.

வீடு திரும்பிய இரவு யோவானின் கடைசி அதிகாரத்தை எடுத்து வாசித்தோம். இரா முழுவதும் வலை போட்டு ஒன்றும் அகப்படாத பேதுருவும் தோழர்களும் விடியற்காலையில் கரைக்கு வருகிறார்கள். கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு இயேசு காத்திருக்கிறார். கரிநெருப்பு என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இரண்டு இடங்களில்தான் வருகிறது என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். ஒன்று இந்தக் கடற்கரை; மற்றொன்று பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த அந்த முற்றம். தமிழ் வேதாகமமும் இரண்டிடத்திலும் அதே சொல்லைத்தான் போட்டிருக்கிறது. இத்தனை வருஷம் வாசித்தும் நம் கண்ணில் படவில்லை. மறுதலித்தது மூன்று தடவை. என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வியும் மூன்று தடவை. மூன்றாவது தடவை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. துக்கப்படாமல் எப்படியிருப்பார்? காயத்தைக் கழுவும்போது எரியத்தான் எரியும். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் அவருக்குக் கிடைத்தது சமாதானப் பேச்சல்ல; ஆடுகளைப் பார்த்துக்கொள் என்ற வேலை.

அதோடு பேதுரு திருந்திப் பூரண மனிதராகிவிட்டார் என்று நினைத்தால் தவறு. பிற்காலத்தில் அந்தியோகியாவில், யூதரல்லாதவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சில கனவான்கள் வந்ததும் எழுந்து ஒதுங்கிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்ததாகக் கலாத்தியர் நிருபத்தில் எழுதுகிறார். பழைய வியாதி! நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற அதே பயம். கப்பல்காரராயிருந்த ஜான் நியூட்டன் 1748-ல் புயலில் அகப்பட்டுத் தெய்வத்தைக் கூப்பிட்டவர். அதற்குப் பின்னும் 1754 வரையில் அடிமை வியாபாரக் கப்பல்களிலேயே போய்க்கொண்டிருந்தார், அதை நிறுத்தினதும் தேக அசௌக்கியத்தால்தான். அந்த வியாபாரத்தைக் கண்டித்து, தாம் அதில் கலந்திருந்ததை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு அவர் பிரசுரம் வெளியிட்டது 1788-ல். அதாவது புயலுக்கு நாற்பது வருஷம் கழித்து. கிருபையைப்பற்றி உலகமெல்லாம் பாடும் கீர்த்தனையை எழுதியவருக்கே இத்தனை காலம் பிடித்தது. அந்த நாற்பது வருஷமும் கப்பலின் அடித்தட்டில் சங்கிலியில் கிடந்தவர்களுக்கு என்ன சமாதானம் சொல்லுவது? நமக்குத் தெரியவில்லை. நம்முடைய பத்து மாதத்தைப்பற்றியும் அந்தப் பையனின் தாயாருக்குச் சொல்ல நம்மிடம் சமாதானம் இல்லை. திருப்பூர் விலாசத்துக்கு இரண்டு கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை.

கணக்கு உபாத்தியாயரின் பேரில் இருந்த குறிப்பை நிர்வாகத்தார் நீக்கினார்கள். திரும்ப வரும்படியும் அழைத்தார்கள், அவர் வரவில்லை. மறு வருஷம் வேறொரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. கிராமத்தில் பாடம் சொல்லுவதை மட்டும் விடவில்லை. ஏழு பிள்ளைகள் இப்போது இருபதுக்குமேல் ஆகிவிட்டார்கள்.

முதல் பஸ் ஐந்தேகால் மணிக்கு. நாலரைக்காவது எழுந்தால்தான் பிடிக்க முடியும். அடுத்த வீட்டுச் சேவல் எப்போதோ குழம்பாகிவிட்டது. ஆனால் அதன் வம்சத்தில் ஒன்று அதே மதில்மேல் நின்று நேரம் தவறாமல் கூவுகிறது. சனிக்கிழமைகளில் நாம் அதற்கு முன்பே எழுந்து, 1526, 1556, 1761 என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பைத் தேடுகிறோம்.